சங்கிலி பூட்டியவர் யார்?



பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் பேய்ப்படம் எடுப்பது நம் செட்டிநாட்டில் பழகிப்போன காட்சி. படப்பிடிப்பு முடிந்ததும் பேயும் வண்டியேறிப் போய்விடும் என்பதைக் காரைக்குடிப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஆகவே அப்படங்களைக் குறித்து எனக்குக் கவலையில்லை. உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற அறிவிப்போடு வரும் படங்களே என்னைக் கலங்கச் செய்கின்றன. அந்த அறிவிப்பு திரையரங்கோடு நின்றுவிடுவதில்லை. பிசாசின் வல்லமைக்குச் சான்றாக ஜெபக்கூட்டங்கள் வரை வந்துவிடுகிறது.

2005இல் வெளிவந்த 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' அத்தகைய படம். பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட ஒரு மாணவி இறந்துபோகிறாள். அவளுக்குப் பேயோட்டிய குருவானவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறார். அவள் உட்கொண்ட மருந்தே பேயோட்டுதல் பலிக்காதபடி தடுத்தது என்று நீதிமன்றத்தில் ஒரு சாட்சி வாதிடுகிறார். படம் பார்த்தவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நஞ்சு இதுவே.

நடந்தது என்ன? ஜெர்மனியின் கிளிங்கன்பெர்க் என்னும் சிற்றூரில், பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள் அன்னலீஸ் மிஷெல். பதினாறாம் வயதில் அவளுக்கு வலிப்பு கண்டது; மருத்துவர்கள் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை அளித்தார்கள். காலப்போக்கில் மனச்சோர்வு மிகுந்தது. காதில் குரல்கள் கேட்டன. 1975இல் வூர்ட்ஸ்பர்க் ஆயரின் அனுமதியோடு குருமார் இருவர் பேயோட்டும் சடங்கைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ பத்து மாதங்களில் அச்சடங்கு 67 முறை நடந்தது. மருத்துவம் கைவிடப்பட்டது, அவள் உணவையும் மறுத்தாள். 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், சுமார் 30 கிலோ எடையோடு இறந்துபோனாள். அவளைக் கொன்றவை பட்டினியும் நீரிழப்பும். மரணத்துக்கு ஒரு வாரம் முன்புகூட அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1978இல் குருமார் இருவரோடு பெற்றோரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்திலோ குருவானவர் ஒருவரே கூண்டில் நிற்கிறார். உண்மைச் சம்பவம் என்று சொல்லிக்கொண்டு, உண்மையின் பாதியை விழுங்கிவிட்டார்கள்.

ஜெர்மனி தொலைவில் இருக்கிறது என்று ஆறுதலடைய வேண்டாம். நம் அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தில் இருக்கிறது ஏர்வாடி. 1985 வரை நாமும் அதே மாவட்டத்தார்தாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடி தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அது வேற்று மதத்தாரின் தலத்தருகே நடந்தது என்று சொல்லிக் கைகழுவ நமக்கு உரிமையில்லை. கிளிங்கன்பெர்க்கில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வீட்டில், கிறிஸ்துவின் நாமத்தைச் சொல்லியே ஒரு பெண் மெலிந்து சாக விடப்பட்டாள்.

பிசாசு உண்டா என்பதல்ல என் வழக்கு. உண்டென்று வேதம் சொல்லுகிறது, நானும் விசுவாசிக்கிறேன். பிசாசின் பெயரைச் சொல்லி நோயாளியை வதைக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார் என்பதே என் கேள்வி. மாற்கு 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கல்லறைகளில் திரிந்த அந்த மனிதனுக்கு விலங்கும் சங்கிலியும் பூட்டியவர்கள் ஊரார். இயேசு அவனை அடிக்கவில்லை, கட்டவில்லை. அவன் பெயரைக் கேட்டார். பிற்பாடு ஊரார் வந்து பார்த்தபோது அவன் வஸ்திரம் தரித்து, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்தான். அதே அதிகாரத்தின் முடிவில், உயிர் பெற்றெழுந்த யவீருவின் மகளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி கட்டளையிடுகிறார் நம் ஆண்டவர். ஆக, சங்கிலியால் கட்டுகிற ஊழியமும், பட்டினி போடுகிற ஊழியமும் எந்தப் பெயரில் நடந்தாலும் அவருடைய ஊழியம் அல்ல.

மாற்கு 9ஐக் காட்டி, உபவாசமின்றிப் பிசாசு போகாது என்று சிலர் சாதிப்பார்கள். அவ்வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது? சீஷர்களுக்கு. உபவாசம் ஜெபிக்கிறவனுக்கு உரியது; படுக்கையில் கிடக்கும் சிறுவனுக்கு அல்ல. அங்கேயும் இயேசு, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தகப்பனிடம் விசாரிக்கிறார். சிறுவனைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்துகிறார். மத்தேயு 4:24இல் பிசாசு பிடித்தவர்கள் ஒரு வகையாகவும், சந்திரரோகிகள் வேறொரு வகையாகவும் எண்ணப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட சுவிசேஷம் பிரித்துக் காட்டியதை, இந்த நூற்றாண்டில் ஒலிபெருக்கி பிடித்தவர்கள் குழப்புகிறார்கள்.

மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் என்று போதிப்பவர்களைக் கேட்கிறேன்: உங்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் இன்சுலினைக் குப்பையில் எறிவீர்களா? பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர் அல்லவா? வலிப்பு நோய்க்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிரையே பறிக்கக்கூடும். அந்த மரணத்துக்கு நீங்கள் பிசாசைப் பொறுப்பாக்க முடியாது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகளின் கல்யாணம் தடைப்படுமென்று அஞ்சி, அவள் நோயைப் பின்கட்டு அறையில் பூட்டி வைக்காதேயுங்கள். பேய் என்று சொன்னால் இரக்கப்படுகிற ஊர், மனநோய் என்றால் ஏளனம் செய்யுமோ என்ற பயமே பலரை மருத்துவரிடமன்றிப் பேயோட்டுபவரிடம் துரத்துகிறது. அந்தப் பயத்தைப் போக்குவது சபையின் கடமை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. துணைக்கு ஆள் இல்லையென்றால் சபையாரிடம் சொல்லுங்கள். மருத்துவமனைத் திண்ணையில் உங்களோடு உட்கார்ந்து ஜெபிப்பதும் ஊழியமே. ஏர்வாடியிலேயே இன்று தொழுகையோடு மருத்துவமும் அருகருகே நடக்கிறது. நாம் அதற்குப் பின்தங்கலாகாது.

இவ்வாரம் குடும்பமாக மாற்கு 5ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அந்த மனிதனைச் சுகமாக்கியபின் ஆண்டவர் அவனை எங்கே அனுப்பினார் என்று கவனியுங்கள்: அவன் வீட்டுக்கு, அவன் இனத்தாரிடத்துக்கு. அப்படித் திரும்பி வருகிறவருக்கு நம் வீடுகளிலும் சபையிலும் இடம் இருக்கும்படி கர்த்தர் நமக்கு இரக்கமுள்ள இருதயத்தைத் தந்தருளுவாராக. ஆமென்.