வாக்குத்தத்த அட்டையும் நாம் கொடுக்க வேண்டிய வாக்கும்



இன்னும் சில நாள்களில் புத்தாண்டு பிறக்கவிருக்கிறது. டிசம்பர் 31ஆம் நாள் இரவில் லூமுட் கடற்கரையில் மக்கள் கூட்டம் நிரம்பி வழியும். அதே வேளையில் எங்களைப் போன்ற தமிழ்க் கிறித்துவக் குடும்பங்கள் ஆலயத்தில் அமர்ந்திருக்கும். நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் வாழ்த்துகளைப் பரிமாறிக்கொள்வோம். பின்னர் ஒரு தட்டு வலம் வரும். திருமறை வசனம் அச்சிடப்பட்ட சிறு அட்டைகள் அதில் இருக்கும். ஆளுக்கொன்று எடுப்போம். அதுவே அவ்வாண்டுக்கான வாக்குத்தத்தம். வீட்டுக்கு வந்ததும், “உனக்கு என்ன வந்தது?” என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

இவ்வழக்கத்தை நான் குறை கூறவில்லை. என் தாயார் எடுத்த அட்டைகள் இன்றும் அவருடைய வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆயினும், இறைவன் நமக்குத் தரும் வாக்கைக் கேட்டுப் பெறுகின்ற நாம், பதிலுக்கு என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்ற கேள்வி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த இரவு ஆராதனைக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகில் உள்ள கிங்ஸ்வுட்டில் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்து வந்தனர். மனம் திருந்திய பின்னர் அவர்களுள் சிலர் அதே இரவுகளை இறைவேண்டலில் கழிக்கத் தொடங்கினர். இதை நிறுத்திவிடுமாறு சிலர் ஜான் வெஸ்லியிடம் கூறினர். அவரோ 1742இல் தாமே அவர்களோடு கலந்துகொண்டார். வீடு திரும்புவோருக்கு வெளிச்சம் கிடைக்கும் என்று முழுநிலவை ஒட்டிய இரவாகத் தேர்ந்தெடுத்தார். சம்பள நாளன்று கள்ளுக்கடைக்குச் சென்ற பணத்தையும், வீட்டில் காத்திருந்த பிள்ளைகளையும் நம் தோட்டங்களில் கண்டு வளர்ந்தவர்களுக்கு இச்செய்தியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. புதுப்பித்தல் என்பது அவர்களுக்கு வெறும் உணர்ச்சி அன்று. கால்கள் செல்லும் திசையையே மாற்றிக்கொள்வது.

அதே வெஸ்லி 1755ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இலண்டனில் உடன்படிக்கை ஆராதனையை முதன்முதலாக நடத்தினார். ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று, தங்களை இறைவனிடம் ஒப்படைப்பதாக உறுதி கூறினர். பிற்காலத்தில் மெதடிஸ்ட் திருச்சபைகளில் இது புத்தாண்டின் தொடக்கத்தில் நடைபெறும் வழக்கமாயிற்று. சீனத்தின் ஃபூச்சாவ் வட்டாரத்து மெதடிஸ்ட் கிறித்துவர்கள் 1903இல் வந்து குடியேறிய சித்தியவான் நமக்கு அண்டை ஊர்தான். எனவே, இம்மரபு நமக்கு அந்நியமானதன்று. இங்கே அட்டை எடுப்பதில்லை. பணி கொடுத்தாலும் ஏற்பேன், எடுத்துக்கொண்டாலும் ஏற்பேன் என்று மனிதன் வாக்குக் கொடுக்கிறான்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புரியாததன்று. நாள் பாடத்திட்டத்தின் இறுதியில் ‘சிந்தனை மீட்சி’ எழுதுகிறோம். இத்தனை மாணவர் இலக்கை அடைந்தனர், அடையாதவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை என்று குறிக்கிறோம். மாணவருக்கு எழுதும் நாம் நமக்கு எழுதுகிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு தவறு செய்தேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனை வகுப்பின் முன் நிறுத்தி, “உனக்குப் படிப்பே வராது” என்று கூறிவிட்டேன். அதன் பிறகு அவன் என் பாடத்தில் கையை உயர்த்தவே இல்லை. அவ்வாண்டு இறுதியில் நான் எடுத்த அட்டையில் ஆறுதலான வசனம் இருந்தது. எனக்கோ ஆறுதல் கிடைக்கவில்லை. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மீது சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு கற்பித்தார். அதைப் பலமுறை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பள்ளி திறந்த முதல் நாள், நான்காம் ஆண்டு வகுப்பு வாசலில் அவனைக் கண்டேன். “நான் சொன்னது தவறு, ஐயா. என்னை மன்னித்துவிடு” என்றேன். புத்தகப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லை, டீச்சர்” என்று மட்டும் சொன்னான். அவன் உடனே முதல் மாணவனாகிவிடவில்லை. சில வாரங்கள் கழித்து, என் வகுப்பைக் கடந்து செல்கையில் தானாகவே நின்று வணக்கம் கூறினான். எனக்கு அது போதுமாயிருந்தது.

சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்த பள்ளித் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. புத்தாண்டும் புது வகுப்பும் அடுத்தடுத்து வருவது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. பெற்றோர்களே, இவ்வாண்டு அட்டையை எடுக்குமுன் உங்கள் பிள்ளையிடம், “நான் உன்னை எதிலாவது புண்படுத்தினேனா?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். வேற்றுச் சமயத்தைச் சார்ந்த அன்பர்களுக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன்.

மன்னிப்புக் கேட்காமல் விட்ட முகம் ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். அந்த முகத்தை நோக்கி நடப்பதே புத்தாண்டின் முதல் அடியாகட்டும்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.