மீன் குஞ்சும் சுற்று வழியும்

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டுமா என்று கேட்பது நம் வழக்கம். நீச்சலைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் இரை எங்கே என்பதை மீன்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்கின்றன என்று விஞ்ஞானிகள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

கப்பி மீன் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தைகள் அடம்பிடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி வரும் வண்ண வால் மீன். கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று நீர்நிலைகளிலும் அதை விடுவார்கள். (கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி ரொனால்டு ராஸ் கண்டது நம் செகந்திராபாத்தில்தான்.) இந்தக் கப்பியை வைத்து லாலண்ட், வில்லியம்ஸ் என்ற இருவர் செய்த சோதனை 1998-இல் வெளியாயிற்று.

தொட்டியில் இரைக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று குறுக்கு வழி, மற்றது சுற்று வழி. சில மீன்களைச் சுற்று வழியில் பழக்கினார்கள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புது மீன்களைச் சேர்த்தார்கள். பழைய மீன் ஒன்றுகூட மிஞ்சாத நிலையிலும், மூன்று நாள் கழித்தும், கூட்டம் பெரும்பாலும் சுற்று வழியையே நாடியது! தனியாக விடப்பட்ட மீன்களோ குறுக்கு வழியை இவற்றைவிட விரைவில் கற்றுக்கொண்டன.

இதைப் படித்ததும் எனக்கு அமீர்பேட் நினைவுக்கு வந்தது. காலையில் சென்னை வண்டி வந்ததும் தோளில் பையோடு யாராவது ஒரு பையன் என் கவுண்டரில் வந்து நிற்பான். "சார், அமீர்பேட்டுக்கு எப்படிப் போகணும்?" என்பான். ஏன் தம்பி அங்கே என்றால், "எங்க ஊர் அண்ணன் அங்கேதான் கம்ப்யூட்டர் படிச்சாரு" என்பான். அண்ணன் படித்து எத்தனை வருஷம் ஆயிற்று, அந்தப் படிப்புக்கு இன்று மதிப்பு உண்டா என்பது அவனுக்குத் தெரியாது.

ஆட்டுமந்தை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர் நாடுகளில் முதுகில் முள் உள்ள சிறு மீன்கள் இரண்டு வகை உண்டு. பெரிய முள்ளும் உடம்பில் கவசமும் கொண்ட வகை தானே அலைந்து இரை தேடும். முள் சிறுத்த, கவசம் குறைந்த வகையோ ஒளிந்திருந்து, மற்ற மீன்களுக்கு எங்கே அதிகம் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு அங்கே போகும். 2003-இல் வெளியான ஆராய்ச்சி இது. தானே அலைந்தால் பெரிய மீனுக்கு இரையாகிவிடும் என்பதால் அதற்கு அதுவே விவேகம். நகையை அடகு வைத்து வந்த வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். தப்பான வழியில் போய்ப் பார்க்க அவனிடம் பணம் இல்லை.

ஆகவே பின்னால் வருபவனை நான் குறை சொல்ல மாட்டேன். முன்னால் போனவரைத்தான் கேட்கிறேன். மூன்று மாதம் படித்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய ஒரு பையனின் அண்ணனிடம், உனக்கு முன்பே தெரியாதா என்றேன். "தெரியும் சார். சொன்னா வருத்தப்படுவான்னு விட்டுட்டேன்" என்றார். மீனுக்குப் பேச வாய் இல்லை. இவருக்கு என்ன?

நம் ஊரில் தமிழ்ச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பட்டிமன்றம் நடத்தும் அதே மேடையில் ஒரு மாலை, சென்ற ஆண்டு படித்தவர்களை ஏற்றி, எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பேசச் செய்யட்டும். முதல் வரிசையில் அந்தக் காலை வண்டிப் பையன்களை உட்கார வைக்கட்டும்.