வெளிச்சம் எந்தப் பக்கம்?

ஸ்ப்ரே விண்வெளி ஓவியம் தத்ரூபமாக இருக்கிறது என்று நாம் பாராட்டும்போது பெரும்பாலும் கோளின் மேற்பரப்பைத்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். மூன்று நான்கு நிறங்களை அடித்து, அதன் மேல் கறுப்பை ஏற்றி, காய்வதற்குள் வழவழப்பான பத்திரிகைத் தாளை அழுத்தி எடுத்தால் மேகப் பட்டைகளும் பள்ளங்களும் தாமாக வந்துவிடுகின்றன. 1980-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரின் சோனா ரோசா தெருக்களில் ரூபன் சாடோட் இந்தக் கலையைத் தொடங்கி வைத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்றிலிருந்து கூட்டத்தை வாய்பிளக்க வைப்பது தாளைத் தூக்கும் அந்தக் கணம்தான். அதில் நம் கை எப்போதோ தேர்ந்துவிட்டது. ஆனாலும் பல படங்களில் கோள் அட்டையில் ஒட்டிய வட்டமாகவே நிற்கிறது. கோளாறு மேற்பரப்பில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

வானத்தை அடிக்கும்போது கோளை மறைக்க வைத்த பானை மூடியை எடுத்ததும் கிடைப்பது சுற்றிலும் ஒரே கூர்மையுள்ள விளிம்பு. ஒற்றைச் சூரியனின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கும் கோளுக்கு அப்படி இருக்காது. சூரியனைப் பார்த்த பக்கம் விளிம்பு வெட்டியது போல் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து உள்ளே வர வர வெளிச்சம் தேய்ந்து, எதிர்ப்பக்க விளிம்பு வானத்துக் கறுப்பில் கரைந்தே போகும். மூடியை வைப்பதற்கு முன் டப்பாவைச் சற்று உயரத்தில் பிடித்து நிழல் பக்கம் கறுப்பைத் தூவினால் இந்தக் கரைசல் கிடைத்துவிடும். நம்மில் பலர் செய்வதோ நேரெதிர்: விளிம்பு முழுக்க நீல ஒளிவளையம். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்த பின் திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில் அத்தகைய வளையம் உண்மையிலேயே இருக்கிறது. சூரியன் புளூட்டோவுக்குப் பின்னால் போயிருந்ததால் வந்த வளையம் அது. நம்மைப் பார்த்த முகத்தில் பகல் இல்லை. நம் அட்டையில் வளையமும் உண்டு, முகத்தில் முழுப் பகலும் உண்டு, பக்கத்திலேயே ஒரு நட்சத்திரமும் ஜொலிக்கும். மூன்றும் ஒரே வானத்தில் சேராது.

வானியல் ஓவியத்தின் வரலாறும் இதற்குச் சாட்சி. ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் வரைந்த, துணைக்கோள் டைட்டனிலிருந்து தெரியும் சனி 1944-இல் லைஃப் இதழில் வந்தது. அதில் வானம் நீலம். 2005-இல் டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் கலம் காட்டியதோ ஆரஞ்சுப் புகைமூட்டம். கண்ணால் பார்த்தால் சனியே தெரியாது. நிலவின் மலைகளையும் அவர் ஊசிமுனைகளாக வரைந்தார். தொலைநோக்கியில் நிலவின் விளிம்பைக் கவனித்து வந்த பிரெஞ்சுக்காரர் லூசியன் ரூடோ அதற்கு முன்பே மழுங்கிய மலைகளைத் தீட்டியிருந்தார். அப்பல்லோ படங்கள் வந்தபோது ரூடோ சொன்னதே சரியென்று ஆனது. இத்தனை தவறிருந்தும் ஒரு தலைமுறை போன்ஸ்டெல்லை நம்பியது ஏன்? கட்டடக் கலைப் பயிற்சி உள்ள அவர், எங்கிருந்து பார்த்தால் கோள் எவ்வளவு பெரிதாகத் தெரியும், சூரியன் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டே வரைந்தார். மலை பொய்யானாலும் அதன் மேல் விழுந்த வெளிச்சம் மெய்.

ஹபிள் படங்களிலேயே நிறங்கள் செயற்கைதானே, நமக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 1995-இன் ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிய வேண்டிய ஹைட்ரஜன் அங்கே பச்சை. ஆனால் தூண்களின் ஓரங்கள் ஒளிர்வதைப் பாருங்கள்: படத்துக்கு வெளியே, மேலே இருக்கும் வெப்பமான இளம் நட்சத்திரங்கள் அவற்றைச் சுடுகின்றன. நிறத்தை மாற்றியவர்கள் வெளிச்சத்தின் திசையைத் தொடவில்லை. ஆகவே ஊதா நெபுலா வேண்டுமா, தாராளமாக அடிக்கலாம். கற்பனை உலகத்துக்கும் இதே கணக்குதான். 2011-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி இரண்டு நட்சத்திரங்களைச் சுற்றுகிறது. அதற்கொரு துணைக்கோளைக் கற்பித்து அங்கே பாறை வரைந்தால், பாறைக்கு இரண்டு நிழல் வேண்டும், ஒன்று மற்றதைவிட மிக வெளிறி.

தெருவில் சில நிமிடங்களில் முடிக்க வேண்டும், வாங்குபவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்பது அடுத்த மறுப்பு. வாங்குபவருக்குக் காரணம் தெரியாதுதான். ஆனால் இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் எதில் ஆழம் இருக்கிறது என்று கண் சொல்லிவிடும். நேரமும் கூடப் பிடிக்காது. அட்டையின் ஓரத்தில் சூரியன் இருக்கும் பக்கம் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு முதல் டப்பாவைக் குலுக்கினால் போதும். கோள், துணைக்கோள், மலைமுகடு எல்லாம் அந்த நாணயத்தையே பார்க்கும்.

நட்சத்திரங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். 1968 டிசம்பர் 24 அன்று வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த பூமி உதயப் படத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை, பகல் வெளிச்சத்துக்கு அமைத்த கேமராவில் அவை பதியாது. அதற்காக வானத்தை வெறுமையாக விட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். தெளிக்கலாம், ஆனால் மூடி கோளின் மேல் இருக்கும்போதே தெளியுங்கள். எடுத்த பிறகு தெளித்து, பிறையின் இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தாலும் அந்த நட்சத்திரம் கோளுக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.