‘சொந்தச் சரக்கு இல்லை’ என்கிற ஜல்லி

எண்ணெய் போட்டு மேலே தூக்கிச் சீவிய முடி, ஐம்பதுகளின் உடுப்பு, பின்னால் ஆளுயர டபுள் பேஸ். முன்னால் மூன்று பாடகர்கள். ஊர் பெர்லின், ஆரம்பித்த வருஷம் 2007, பெயர் ‘தி பேஸ்பால்ஸ்’. அதே 2007-இல் ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ உலகம் பூரா ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் மட்டும் தொடர்ந்து பத்து வாரம் முதலிடம். அந்தப் பாட்டு 1956-இல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்கிற மாதிரி மாற்றிப் பாடி 2009-இல் வெளியிட்டார்கள் இந்த மூவர். பின்லாந்தில் நேராக முதலிடத்துக்குப் போனது. ‘ஸ்ட்ரைக்!’ என்ற ஆல்பம் முழுக்க இதே வேலைதான். கேட்டி பெர்ரியின் ‘ஹாட் அண்ட் கோல்ட்’, லியோனா லூயிஸின் ‘ப்ளீடிங் லவ்’, புஸ்ஸிகேட் டால்ஸின் ‘டோன்ட் சா’ என்று எல்லாம் அன்றைய சுடச்சுட ஹிட்கள், எல்லாமே தாத்தா காலத்து ராக்கபில்லி பாணியில்.

உடனே ஆரம்பித்துவிட்டது கச்சேரி. இசை தெரிந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் வைக்கிற குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, சொந்தச் சரக்கு இல்லை, அடுத்தவன் பாட்டில் குளிர்காய்கிறார்கள். இரண்டு, இது இசையே இல்லை, மாறுவேடப் போட்டி. மூன்று, இது நிஜ ராக்கபில்லிக்கு அவமானம், எல்விஸ் கேட்டால் அழுதிருப்பார்!

இந்த மூன்றும் ஜல்லி. மூன்றாவது இருப்பதிலேயே பெரிய ஜல்லி என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

எல்விஸ் பிரெஸ்லி 1954-55-இல் மெம்ஃபிஸ் நகரத்தின் சன் ரெக்கார்ட்ஸில் ஐந்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மொத்தம் பத்துப் பாட்டு. ராக்கபில்லி என்கிற சாதிக்கே வேதம் அந்தப் பத்துதான். அதில் எல்விஸ் எழுதியது எத்தனை? பூஜ்யம். பெரும்பாலானவை ஏற்கெனவே வேறு யாரோ பாடி வெளிவந்த பாட்டுகள். முதல் தட்டின் ‘தட்ஸ் ஆல் ரைட்’ ஆர்தர் ‘பிக் பாய்’ க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946-இல் எழுதிப் பதிவு செய்தது. மறுபக்கத்து ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’ பில் மன்றோவின் ப்ளூகிராஸ் பாட்டு. மூன்று எண்ணிக்கையில் மெதுவாக ஆடிப்போகிற வால்ட்ஸை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி விரட்டினார்கள் எல்விஸும் கிடாரிஸ்ட் ஸ்காட்டி மூரும் பேஸ் வாசித்த பில் பிளாக்கும். ராக்கபில்லி பிறந்த கதையே இதுதான். கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸை எடுத்து, வெள்ளையர்களின் ‘ஹில்பில்லி’ கன்ட்ரியோடு கலந்து, வேகம் ஏற்றி, எதிரொலி சேர்த்துப் பாடுவது. அதாவது அடுத்தவர் பாட்டை வேறு உடுப்பில் பாடுவது!

“அது பழைய பாட்டு. இவர்கள் இந்த சீசன் ஹிட்டையே சுடுகிறார்களே” என்பார்கள். சரி, ‘பேபி லெட்ஸ் ப்ளே ஹவுஸ்’ எப்போது வந்தது? ஆர்தர் கன்டர் பாடி அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏறிய சூடு ஆறும் முன்பே, 1955-இன் ஆரம்பத்திலேயே எல்விஸ் ஸ்டூடியோவுக்குள் போய்ப் பதிவு செய்துவிட்டார். அந்த சீசன் ஹிட்டை, அந்த சீசனிலேயே. ஆக, பேஸ்பால்ஸ் செய்ததைக் கேட்டு எல்விஸ் அழுதிருப்பார் என்பவர்கள் எல்விஸின் போஸ்டரை மட்டும் பார்த்தவர்கள், தட்டின் லேபிளைப் படிக்காதவர்கள்.

அடுத்து மாறுவேடம். 1980-இல் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டிலிருந்து மூன்று பேர் லண்டனுக்குப் போய் ராக்கபில்லிக்கு மறுபிறவி கொடுத்தார்கள். ஸ்ட்ரே கேட்ஸ். முடி வானத்தைத் தொட்டது, உடம்பெல்லாம் பச்சை. அவர்கள் தலையெடுத்தபோது அசல் ராக்கபில்லி ஓய்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அதுவும் வேடம்தான். ஆனால் இன்று அதே தூய்மைவாதிகள் ஸ்ட்ரே கேட்ஸை ‘நிஜமான ஆட்கள்’ பட்டியலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். வேடம் பழசானால் பாரம்பரியம், புதுசாக இருந்தால் கேலிக்கூத்து. நல்ல நியாயம்.

மிச்சம் இருப்பது முதல் குற்றச்சாட்டு. ‘சொந்தச் சரக்கு’. இதில்தான் விஷயமே இருக்கிறது.

‘அம்ப்ரெல்லா’ யாருடைய பாட்டு? ரிஹானாவுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எழுதியவர்கள் பட்டியலில் ரிஹானா பெயர் கிடையாது. ட்ரிக்கி ஸ்டூவர்ட், ‘தி-ட்ரீம்’ என்கிற டெரியஸ் நாஷ், குக் ஹாரல் ஆகியோர் எழுதியது. ஆரம்பத்தில் ராப் வருகிற ஜே-ஸியின் பெயரும் சேரும். பாட்டு முதலில் போனது பிரிட்னி ஸ்பியர்ஸ் தரப்புக்கு. அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ரிஹானாவிடம் வந்தது. ‘அசல்’ என்று சொல்லப்படுகிற அந்தப் பதிவே அடுத்தவர் எழுதி, இன்னொருவருக்காக நீட்டப்பட்டு, மூன்றாவது ஆள் பாடியது! அதனால் ரிஹானாவின் மதிப்பு ஒரு துளி குறையாது. அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தது அவர் குரல்தான். அதே நியாயம் பெர்லின்காரர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

‘அசல்’ என்கிற அளவுகோல் யாரைக் காப்பாற்றியிருக்கிறது, யாரைக் கைவிட்டிருக்கிறது என்று பார்த்தால் வயிறு எரியும். ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யை எழுதிய பில் மன்றோவுக்கு எல்விஸின் பதிவால் ராயல்டி வந்தது. மனுஷர் அந்தக் காசோலைகளைப் பற்றிச் சந்தோஷமாகவே பேசியிருக்கிறார். எல்விஸுக்குப் பிறகு அதே 1954-இல் தானும் அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தார். பழையபடி மெதுவாக ஆரம்பித்து, பாதியில் எல்விஸ் வேகத்துக்குத் தாவினார். தட்டின் மறுபக்கத்துக்காரர் கதை வேறு. க்ரூடப்பின் மேலாளர் லெஸ்டர் மெல்ரோஸ் கைக்குப் போன உரிமைத்தொகை க்ரூடப்புக்கு வந்து சேரவில்லை. உலகத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் தன் முதல் தட்டில் பாடிய பாட்டை எழுதிய மனிதர் கூலி வேலை செய்து பிழைத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சமரசம் கையெழுத்தாகும் நிலைவரை வந்து, கடைசி நேரத்தில் பதிப்பக நிறுவனம் பின்வாங்கியது. 1974-இல் க்ரூடப் இறந்தார்.

ஒரே தட்டு, ஒரே பாடகர், இரண்டு பக்கம். ஒருவருக்குக் காசோலை, இன்னொருவருக்குப் பட்டை நாமம். எவர் வெள்ளையர், எவர் கறுப்பர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதில் அடுத்தவர் பாட்டைப் பாடியது குற்றமில்லை. இரண்டு பாட்டையும்தான் எல்விஸ் பாடினார். எழுதியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காமல் விட்டதுதான் குற்றம்.

இந்தக் கணக்கில் பார்த்தால் பேஸ்பால்ஸ் போன்றவர்கள் செய்வது ஐம்பதுகளை விட யோக்கியமான வியாபாரம். ஜெர்மனியில் ‘கெமா’ என்ற அமைப்பு பாட்டு எழுதியவர்களுக்கும் இசை அமைத்தவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1909-ஆம் வருஷச் சட்டத்திலேயே இதற்கு வழி உண்டு. ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வந்துவிட்டால், உரிய தொகையைக் கட்டி யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். சட்டம் அன்றும் இருந்தது. க்ரூடப்பை ஏமாற்றியது சட்டம் இல்லாததால் அல்ல, அவர் பெயரைக் கேட்க ஆள் இல்லாததால்.

அப்படியானால் இந்த மாதிரி குழுக்கள் எது செய்தாலும் சரியா? இல்லை. ‘சொந்தமா, கடனா’ என்று கேட்பது வெட்டி வேலை. “அந்தப் பாட்டில் இதுவரை கேட்காத எதையாவது காதில் விழ வைத்தாயா?” என்று கேட்க வேண்டும்.

‘அம்ப்ரெல்லா’ இந்தப் பரீட்சையில் பாஸ். ராக்கபில்லிப் பாடகர்களின் கையெழுத்தே விக்கல்தான். ஒரு சொல்லை முழுசாகச் சொல்லாமல் உடைத்து, அசையைத் திக்கித் திக்கித் திரும்பச் சொல்வது. ‘பேபி லெட்ஸ் ப்ளே ஹவுஸ்’ தொடங்குகிற இடத்திலேயே எல்விஸ் இதைச் செய்கிறார். பட்டி ஹாலி அதை வைத்தே பெயர் வாங்கினார். இப்போது ‘அம்ப்ரெல்லா’வின் பல்லவியைக் கேளுங்கள். தலைப்புச் சொல்லின் வாலைப் பிடித்து ரிஹானா திரும்பத் திரும்ப இழுக்கிறாரே, அது என்ன? ஐம்பது வருஷம் கழித்து வந்த அதே விக்கல்! 2007-இன் கனத்த டிரம்ஸ் சத்தத்தில் அது யார் காதிலும் அப்படி விழவில்லை. டபுள் பேஸின் தந்தியைச் சுண்டி அறைந்து வாசித்து அந்தப் பெர்லின்காரர்கள் பாடியபோதுதான் பளிச்சென்று விழுந்தது. இது விமர்சகன் பத்துப் பக்கம் எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம். மூன்று நிமிஷத்தில் பாடிக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் ஆல்பம் முழுக்க அந்தப் பளிச் இருக்கிறதா? கிடையாது. நாலாவது ஐந்தாவது பாட்டுக்குள் சூத்திரம் புரிந்துவிடுகிறது. அதே பேஸ், அதே கோரஸ், அதே கண்ணடிப்பு. கேட்பவர் “அட, இது அந்தப் பாட்டு இல்ல?” என்று சிரிக்கிறார், சிரித்து முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடுகிறது. திட்ட வேண்டுமென்றால் இதற்குத் திட்டுங்கள். இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு அதே ராக்கபில்லி வம்சத்திலேயே சாட்சி இருக்கிறது. ராக்கபில்லியின் ராணி என்று பெயர் எடுத்த வாண்டா ஜாக்சன் 2011-இல், 73 வயதில், ஜாக் ஒயிட் தயாரித்த ஆல்பத்தில் ஏமி வைன்ஹவுஸின் ‘யூ நோ ஐயம் நோ குட்’ பாடினார். அங்கே கண்ணடிப்பு இல்லை. தப்பு செய்த பெண்ணின் வாக்குமூலம் ஒரு பாட்டியின் கரகரத்த குரலில் வரும்போது அர்த்தமே வேறு. 1955-இல் சன் ரெக்கார்ட்ஸில் முதல் தட்டு போட்ட ஜானி கேஷ், ட்ரென்ட் ரெஸ்னர் 1994-இல் எழுதிய ‘ஹர்ட்’டை 2002-இல் பாடினார். இளைஞனின் விரக்தியாக இருந்தது, சாகப்போகிற கிழவனின் கணக்கு முடிப்பாக மாறியது. அந்தப் பாட்டு இனி தன்னுடையதே இல்லை என்கிற அர்த்தத்தில் ரெஸ்னரே பேசினார். எழுதியவனே வாய்விட்டுச் சொன்ன பிறகு ‘சொந்தச் சரக்கு’ என்பதற்கு என்ன பொருள்?

எல்விஸுக்குப் பக்தி, ஸ்ட்ரே கேட்ஸுக்கு மரியாதை, ஜானி கேஷுக்குக் கண்ணீர், பேஸ்பால்ஸுக்கு மட்டும் செருப்பு என்றால் அதற்குப் பெயர் ரசனை இல்லை, சோம்பேறித்தனம். ‘ஸ்ட்ரைக்!’ பிடிக்கவில்லையா, தாராளமாக அணைத்துவிடுங்கள். ஆனால் ‘இது யாருடைய பாட்டு’ என்று சண்டைக்குக் கிளம்பினால், பாடிய நட்சத்திரத்தின் பெயரோடு நிறுத்தாமல் எழுதியவரின் பெயர் வரைக்கும் போங்கள். பாட்டு எழுதியவரின் பெயரை யாரும் கேட்காமல் விட்டதற்கு க்ரூடப் ஒரு ஆள் கொடுத்த விலையே போதும்.