ஐந்து வாரத்துக்கு ஒரு நிருபம்

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கரிசல்காட்டுக்காரர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். 4ஆம் வசனத்தில், வயல் அறுத்தவர்களின் கூலியைக் கொடுக்காமல் பிடித்துவைத்த நிலக்காரர்கள் வருகிறார்கள். 7ஆம் வசனத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருக்கும் பயிரிடுகிறவன். 17ஆம் வசனத்தில் எலியாவும், மூன்றரை ஆண்டு மழை காணாத தேசமும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்து இதை வாசித்தால், விளக்கவுரை தேடி அலைய வேண்டியதில்லை. புரட்டாசிப் புழுதியிலேயே உளுந்தையும் பாசியையும் விதைத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரிக்காரர்கள் அவர்கள்.

அந்த வாசிப்புக்கு இடமும் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை ஊர்களில் வாரம் ஒரு சாயங்காலம் வீட்டு ஜெபக் கூட்டம். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாடம், சபை ஊழியரின் செய்தி, நோயாளிகளுக்கும் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் ஜெபம், கடைசியில் டீயும் காராச்சேவும்.

இதில் வரவரக் குறுகிப்போவது வேதபாடம்தான்.

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் ஒற்றை வசன வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுக்கச் சுவரில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்த அட்டை தரும் ஆறுதலை யாரும் குறைவாகப் பேசக்கூடாது. மழை பொய்த்த வருஷங்களில் அது பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அட்டையில் ஆசீர்வாதமே வரும், கூலி பாக்கி வராது. யாக்கோபின் 7ஆம் வசனத்தைக் கேட்கும் வீடு 4ஆம் வசனத்தையும் கேட்க வேண்டுமானால், அதிகாரத்தை முழுதாக வாசித்தாக வேண்டும். களையெடுப்புக்கு ஆள் வைப்பவரும் களையெடுக்கப் போகிறவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஊரில் இது இன்னும் முக்கியம்.

இந்த மண்ணில் வேதம் நெடுந்தூரம் நடந்தே வந்திருக்கிறது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் பணிசெய்தார். ஆகஸ்ட் 15 அன்று பரலோக மாதா திருவிழாவுக்கு இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. 1854இல் ராக்லாந்து என்ற ஆங்கில மிஷனரி, ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகப் போனார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேர்ந்தவர் அவர். தெற்கே இருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பி அந்த வேலையில் பங்கெடுத்தன. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ராக்லாந்து காலமானார். ஹென்றி பவர் தலைமையில் திருத்தி முடிக்கப்பட்டு 1871இல் முழுமையாக வந்த வேதாகமம்தான் சீர்திருத்த சபைகளின் வீடுகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த திருவிவிலியம்.

வீட்டில் செய்யவேண்டியது கடினமான காரியம் அல்ல. ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து முடிவுவரை போக வேண்டும். ரூத் நாலே அதிகாரம், 85 வசனம். கதிர் பொறுக்கப் போன மருமகளின் கதை பருத்திக்காட்டில் வேலைபார்த்த பாட்டிக்கு உடனே விளங்கும். யாக்கோபு ஐந்து அதிகாரம், 108 வசனம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவந்தால் நாலாம் வகுப்புப் பிள்ளையும் தன் முறை வரும்வரை விழித்திருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அம்மாச்சிக்கும் ஒரு முறை கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி போதும். இதில் விளங்காதது எது? இந்த வாரம் நாம் செய்யவேண்டியது எது? முதலில் பிள்ளைகள் பேசட்டும், சபை ஊழியர் கடைசியில் பேசலாம்.

வருகிற வாரம் யாக்கோபு முதல் அதிகாரத்தில் தொடங்குங்கள். அதில் 27 வசனங்கள். கடைசி வசனம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படும் உபத்திரவத்திலே போய்ப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். குடும்பமாக அங்கே ஒருமுறை போய்வந்த பிறகு இரண்டாம் அதிகாரத்தைத் திறங்கள்.