காட்டுப் படங்களும் நம் பிள்ளைகளும்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பல வீடுகளில் பழைய காட்டுச் சாகசப் படங்கள் மறுபடி ஓடும். அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே எடுக்கப்பட்டது: ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கி 1984இல் வெளியான 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்'. கதை நடப்பது இந்தியாவில். தன் மக்களை இழிவுபடுத்தும் கதை என்று இந்திய அரசு இணங்க மறுத்ததால், 1983இல் படக்குழு கண்டிக்கு வந்தது.

தொங்குபாலக் காட்சியின் விறுவிறுப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் படத்தில் வரும் அரண்மனை விருந்தைக் கவனியுங்கள். பாம்பின் வயிற்றைக் கீறினால் உயிரோடு குட்டிகள் நெளிகின்றன. சூப்பில் கண்முழிகள் மிதக்கின்றன. கடைசியில் குரங்கு மூளை வருகிறது. இந்திய வீடுகளில் எங்கும் காணாத சாப்பாடு! நம் நாட்டுக் கலைஞர் டி. ஆர். நாணயக்கார ஊர்ப் பெரியவராக வருகிறார். அந்த 'இந்திய' கிராமத்தார் பேசுவதோ சிங்களம். காணாமற்போன தம் பிள்ளைகளை மீட்க அவர்களால் ஏலாது. வெள்ளைக்காரர் ஒருவர்தான் வரவேண்டும்.

ஹொலிவூட்டை மட்டும் குறைசொல்ல முடியாது. பழைய தமிழ்ப் படங்களிலும் காட்டுவாசி என்றால் முகத்தில் கரி, இடுப்பில் தழை, வாயில் அர்த்தமற்ற கூச்சல்.

காட்டோடு வாழ்ந்தவர்கள் நமக்குத் தூரத்தார் அல்லர். நம் மாவட்டத்திலேயே மஹாஓயாப் பக்கம் பொல்லேபெத்தையில் வேடர் வாழ்கிறார்கள். வாகரைக் கரையில் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நம் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. வேடரின் வேட்டைக் காடுகளையோ விழுங்கிவிட்டது. கண்டியில் அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட, வேடர் குடும்பங்கள் பரம்பரைக் காட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. காட்டு மக்களைப் பற்றி நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டியது இந்த வரலாறுதான்.

படத்தைத் தடுக்க வேண்டாம். பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "இந்த ஊராருக்கு ஏன் பெயரில்லை? இவர்களை ஏன் கையாலாகாதவர்களாகக் காட்டுகிறார்கள்?" என்று கேளுங்கள். வேடரோடு பழகிய, கொடுத்து வாங்கிய நினைவுகள் உங்கள் மூத்தவாப்பாவிடமோ மூத்தம்மாவிடமோ இருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்