அழுவதற்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமோ?

பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கின்றது. மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. 1952ஆம் ஆண்டு முதல் அறிவின் கோயிலென்று போற்றப்படும் அவ்வளாகத்தின் தலைக்கு மேலே ஹந்தானை மலை நிற்கின்றது. அம்மலையிலும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கின்றனர். அவர்களுள் ஒரு பிள்ளை மனமுடைந்து நின்றால், "உனக்கு என்ன துன்பம்?" என்று தாய்மொழியில் கேட்பதற்குப் பாடசாலையில் யார் இருக்கின்றார்? இதனையே நாம் கேட்கின்றோம்.

"வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் ஆசிரியர் இருக்கின்றாரே" என்பர் கல்வி அதிகாரிகள். யார் அவர்? காலையில் கணிதம் கற்பிப்பவர், வராத ஆசிரியரின் வகுப்பையும் சுமப்பவர், புள்ளியிடுபவர், தண்டிப்பவர். அவரிடமே பிள்ளை தன் நெஞ்சைத் திறந்து காட்டுமா? தந்தையின் குடியை, மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற தாயின் பிரிவை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதிலேயே குத்திவிட்ட தோல்வி முத்திரையை, அதிபரின் அறைவாசலில் நின்று சொல்லுமா?

"1926 என்ற இலக்கத்தை அழைக்கலாமே" என்பாரும் உளர். நன்று, அவ்விலக்கத்தை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும். ஆயின், குடும்பம் முழுவதும் ஓரறையில் முடங்கும் லயத்திலே, எந்த மூலையில் நின்று பேசும் அந்தப் பிள்ளை?

பணமில்லை என்ற பல்லவியும் வரும். 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்ட நாடு இது. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. இருபதாண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றிலொன்றாக இறங்கிற்று. அதனால் விளைச்சல் குன்றவில்லை என்பதை ஆய்வாளரும் எடுத்துக் காட்டினர். 1998இல், தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டமும் நீக்கப்பட்டது. மனம் வைத்தால் உயிர்காக்க அரசினால் இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? ஆயின், நஞ்சை அகற்றினால் சாவு தடைப்படுமேயன்றித் துன்பம் தீராது. எஞ்சிய பணி பாடசாலையில் இருக்கின்றது.

2025 நவம்பரில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்து மனிதரைப் புதைத்தது. இடிந்த பாலத்துக்கும் பாதைக்கும் கணக்கெடுக்கலாம். உறவினர்மீது மண் விழக்கண்ட பிள்ளையின் உள்ளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. படிவத்தைத் தமிழில் அச்சிடுவதோடு அக்கடமை முடிந்துவிடாது. காய்ச்சலை வெப்பமானி கொண்டு அளக்கலாம். கவலையை அளக்க மொழியன்றி வேறு கருவியில்லை. இடையிலே மொழிபெயர்ப்பாளர் நின்றால் இரகசியம் ஏது?

நாம் கேட்பவை மூன்றே. அண்டையிலுள்ள சில தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு ஒருவராக, கற்பித்தற் பணியில்லாத முழுநேர உளவளத்துணையாளர் நியமிக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் கதவு சாத்திப் பேச ஓரறை வேண்டும். அப்பணிக்குரியோரைத் தமிழிலேயே பயிற்றப் பேராதனைப் பல்கலைக்கழகம் முன்வரல் வேண்டும்.

உதவி நாடும் பிள்ளையைப் "பைத்தியம்" என்று இழிக்கும் நாவும் நம்மிடையே அடங்குதல் வேண்டும். கற்றோரே, இக்கோரிக்கையை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் மேசைக்குக் கொண்டு செல்லுங்கள். உழவர் பெருமக்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "எம் பிள்ளையின் துயரைக் கேட்பவர் யார்?" என்று வினவுங்கள். விடை வரும்வரை அமராதீர்கள்!